கால் ஏலாதவர்கள்

கண்டி வாவிக்கு மேலே மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தத் தமிழ்ச் சபையில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. எழுதப்பட்ட சட்டங்களை வளைப்பதில் வல்லவர்களான மூப்பர்கள், எழுதப்படாத இந்த ஒன்றை மட்டும் உயிரினும் மேலாகக் காத்தார்கள்.

திருவிருந்து வழங்கும் ஞாயிறுகளில் முதலில் முன்வாங்குகள், அதாவது முன்வரிசை நீள் இருக்கைகள், எழும். யாழ்ப்பாணத்தில் காணியும் கண்டியில் உத்தியோகமும் உள்ளவர்கள் அங்கே அமர்ந்திருப்பார்கள். அவர்கள் பீடத்தின் முன் முழந்தாளிட்டு, அப்பம் உண்டு, ஒரே கிண்ணத்தில் திராட்சரசம் பருகி, கைகுவித்துத் திரும்பிய பின் நடுவாங்குகள் எழும். அங்கே கிளார்க்குமாரும் சிறுகடைக்காரரும் இருப்பார்கள். அவர்களும் திரும்பி அமர்ந்த பின்னரே கடைசி வாங்குகள் அசையலாம். ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இருட்டோடு பஸ் ஏறி வந்தவர்களுக்கு உரியவை அவை. கடவுள் ஒருவர், கிண்ணம் ஒன்று, சரீரம் ஒன்று என்று எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். அந்த ஒரே கிண்ணத்தில் எந்த உதடு முதலில் படுவது என்ற விவகாரத்தில் மட்டும் பரலோகத்துக்கு வாக்குரிமை கிடையாது.

இந்தச் சட்டத்தின் காவலர் தலைமை மூப்பர் சாமுவேல் சோதிலிங்கம். நில அளவைப் பகுதியில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். உத்தியோக காலத்தில் மலைகளை அளந்தார். ஓய்வுக்குப் பின் மனிதர்களை அளந்தார். சபை மண்டபத்தின் திறப்பு, அந்த ஒற்றைச் சாவி, அவர் இடுப்புச் சங்கிலியில் தொங்கும். பரலோகத்தின் திறப்பு பேதுருவிடம் இருப்பதாகச் சொல்வார்கள்; பேதுருவுக்கு அந்தக் கர்வம் இருந்ததாக யாரும் எழுதிவைக்கவில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிமாதத்தில் கண்டிக் கடைவீதி எரிந்தது. தமிழன் கடை, தமிழன் வீடு என்று காடையர் கூட்டம் தேடித்தேடி எரித்தது. ஓடிவந்தவர்களுக்குச் சோதிலிங்கம் மண்டபத்தைத் திறந்தார். முதலில் தம் உறவினருக்குத் திறந்தார், பிறகு முன்வாங்குகளுக்கு, தோட்டத்து லொறி வந்து நின்றபோது திறப்பைச் சற்று நேரம் தேடிவிட்டுத் திறந்தார். எப்படியோ, திறந்தார். மூடிய அந்தக் கதவைக் காடையர் வந்து இடித்தபோது, உள்ளே இருந்த எல்லோருக்கும் ஒரே நடுக்கம். கதவுக்கு வெளியே நின்றவனின் கையில் கத்தி இருந்தது. சாதி அட்டவணை இருக்கவில்லை. நீ வெள்ளாளனா, தோட்டத்தானா என்று அவன் கேட்கவே இல்லை. பொலிஸ் ஜீப்பின் சத்தம் கேட்டு அவன் ஓடிப்போனான். அதன்பிறகு அகதிகள் எல்லோரும் ஒரே அண்டாவில் வெந்த சோற்றை ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார்கள். நற்செய்தியால் அந்தச் சபையில் நூறாண்டாக ஆகாத காரியம், காடையரால் ஒரே நாளில் ஆயிற்று. ஊர் அடங்கியது. மண்டபத்தைக் கழுவினார்கள். அண்டாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த திருவிருந்தில் முன்வாங்கு முன்னே எழுந்தது. கடைசி வாங்கு கடைசியில் எழுந்தது. அகதியாகியும் அறிவு பெறாத இனம் ஒன்று உண்டென்றால், அது அந்த முன்வாங்கில்தான் அமர்ந்திருந்தது.

கலவரச் செய்தி கேட்டு இரங்கிய இங்கிலாந்துச் சபை ஒன்று, தாதிப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்புமாறு எழுதியது. படிப்பும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. நிபந்தனை ஒன்றே: தோட்டத் தொழிலாளியின் பிள்ளையாக இருக்கவேண்டும். அன்று சோதிலிங்கம் இராச்சாப்பாடு உண்ணவில்லை என்று அவர் மனைவி பத்மாதேவியே பலரிடம் சொல்லி வருந்தினார். வேறு வழியில்லை. கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவின் மகள் ரெபேக்காள், கண்டியில் விடுதியில் தங்கி உயர்தரப் பரீட்சை தேறியவள், தெரிவானாள். ஞானஸ்நானத்தில் தாய்க்கும் ஒரு வேதாகமப் பெயர் கிடைத்திருந்தது. ஆனால் தோட்டத்து வரிசைவீடுகளான லயத்தில் அவள் என்றும் பேச்சியம்மாதான்.

அனுப்புமுன் அவளைப் பக்குவப்படுத்தவேண்டாமா? சோதிலிங்கம் தம் வீட்டு விறாந்தையில் ஆயத்த வகுப்பு நடத்தினார். கடல் கடந்த வாழ்வைப் பற்றி அவர் போதித்தார். மன்னார்க் கடலைக்கூட அவர் கடந்ததில்லை.

“பிள்ளை, ஆரும் கேட்டா கண்டி எண்டு சொல்லு. தோட்டம் எண்டு சொல்லிப்போடாத.”

“ஏங்கய்யா? தோட்டத்துப் புள்ளதான் வேணும்னு அவங்கதானே கேட்டாங்க?”

“கேட்டவை கேப்பினம். நாங்கள் சொல்லுறேல்லை.”

பத்மாதேவி கத்தியும் முள்ளுக்கரண்டியும் கொண்டுவந்து வைத்தார். “இப்பிடிப் பிடி. கையால குழைச்சு அள்ளினியெண்டா மானம் போறது எங்களுக்குத்தான்.”

“பசிச்சாலுங்களா அம்மா?”

“பசிச்சாலும் இங்கிலீசிலதான் பசிக்கவேணும் பிள்ளை,” என்றார் சோதிலிங்கம். தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்துவிட்டு, விரலை உயர்த்தினார். “கடைசியா ஒண்டு. அங்கத்தைக் கோயிலிலயும் இஞ்ச மாதிரி அடக்கமா இரு. முந்தியடிச்சு ஓடாத. எல்லாரும் எடுத்து முடியட்டும். பிறகு போ.”

அவள் தலையசைத்தாள். அந்த வகுப்பில் அவள் உண்மையாகவே கடைப்பிடித்த பாடம் அது ஒன்றுதான்.

அவள் போனபோது, ஹுன்னஸ்கிரியவுக்குப் போகும் வழியிலுள்ள பழைய தெல்தெனிய ஊர் கடையும் தெருவுமாக இருந்தது. கடைசி ஆண்டுப் படிப்புக்குமுன் விடுமுறையில் அவள் திரும்பிவந்தபோது, அந்த ஊர் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் கிடந்தது. புதிய ஊர் மேட்டில் நின்றது. ஒரு நகரத்தையே பெயர்த்து மலையில் வைக்கத் தெரிந்த நாடு இது. கண்டிச் சபையில் ஒரு வாங்கை ஓரடி முன்னுக்கு நகர்த்தத்தான் பொறியியலாளர் எவரும் பிறக்கவில்லை.

வந்த வாரமே சோதிலிங்கம் அழைத்தனுப்பினார். தாயும் மகளும் போனார்கள். ரெபேக்காளுக்கு உடனே கதிரை இழுத்துப் போடப்பட்டது; இங்கிலாந்துக் குளிர் அவள் பிறப்பை ஓரளவு வெளுத்திருந்தது போலும். தாய்க்கு அந்தச் சலவை நடக்கவில்லை. பேச்சியம்மா வழக்கம்போல வாசற்படியோரம் நின்றாள். ரெபேக்காள் கதிரையைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், தானும் போய்ப் படியோரம் நின்றுகொண்டாள்.

“இரு பிள்ளை, இரு.”

“பரவால்லைங்கய்யா. ப்ளேன்ல ரொம்ப நேரம் உக்காந்துட்டேன்.”

சோதிலிங்கம் அழைத்த விஷயத்துக்கு வந்தார். “வாற ஞாயிறு திருவிருந்து. நீ சாட்சி சொல்லவேணும். ஆண்டவர் உன்னை அந்நிய தேசத்தில எப்பிடி நடத்தினவர் எண்டு. குளிரைச் சொல்லு. பரீட்சையைச் சொல்லு. இஞ்ச மூப்பர்மார் தந்த ஆயத்தம்தான் கைகொடுத்தது எண்டதையும் மறக்காமச் சொல்லு. நாங்கள் அதை அங்க எழுதி அனுப்புறம்.”

“நடந்தத அப்படியே சொல்றேங்கய்யா.”

“ஓம், ஓம். நடந்ததைத்தான். ஆனா நல்லதா நடந்ததை.”

திரும்பும் பஸ்ஸில், நீர்த்தேக்கம் வெயிலில் பளபளத்த வளைவில், ரெபேக்காள் வாய்திறந்தாள். “அம்மா, ஞாயித்துக்கெழம என்கூட வா. மொத வாங்கு எந்திரிக்கிறப்பவே நாமளும் போயி முட்டிபோடுவோம்.”

பேச்சியம்மா சன்னலைவிட்டுத் திரும்பவில்லை. “கடைசியில போனா கிண்ணம் வராமலா போயிருச்சு?”

“வருதும்மா. மிச்சம் வருது.”

“அடி போடி. நீ இன்னும் கொஞ்ச நாள்ல ப்ளேன் ஏறிருவ. நான்தானே இங்க கெடக்கணும்? நாளைக்கு மறுபடி கலவரம் வந்தா நாங்க எங்க ஓடுறது? அந்த மண்டபத்துக்குத்தான். தெறப்பு யாரு இடுப்புல தொங்குது? சொல்லு. நீ ரோசப்பட்டுட்டுப் போயிருவ. கதவுக்கு வெளிய நிக்கப்போறது நானு.”

சோதனைச்சாவடி வந்தது. இராணுவத்தான் ஏறினான். பஸ்ஸில் இருந்த தமிழெல்லாம் மௌனமாயிற்று. அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டு அவன் இறங்கும்வரை, தாய் மகளின் கையை இறுகப் பிடித்திருந்தாள். தன் வாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி அவளுக்குக் கிடைத்திருக்காது.

ஞாயிறு வந்தது. கோயில் நிறைந்திருந்தது. போதகர் விமலநாதன் ரெபேக்காளை முன்னே அழைத்தார். விமலநாதன் நல்லவர், நல்லவராக இருப்பதற்கு மேல் அதுவரை எதுவும் செய்யாதவர். வாங்குகளின் சட்டம் தவறு என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வரிசைப்படியே வழங்கிவந்தார். இப்படிப்பட்ட நல்லவர்கள் இல்லாவிட்டால் உலகில் தீயவர்களுக்குப் பிழைப்பே நடக்காது.

ரெபேக்காள் தாளேதும் கொண்டுவரவில்லை.

“எல்லாருக்கும் ஸ்தோத்திரம். குளிரப் பத்திச் சொல்லச் சொன்னாங்க. குளிர் பெரிசில்லைங்க. ஹுன்னஸ்கிரியப் பனியில வெறுங்காலோட கொழுந்து மலைக்குப் போனவ நான். பயந்தான் பெரிசு. வார்டுல அவங்க பேசுறது எனக்குப் புரியல, நான் பேசுறது அவங்களுக்குப் புரியல. மொதப் பரீட்சையில பெயிலு. ஊருக்கே போயிரலாம்னு பெட்டியக்கூட அடுக்கிட்டேன். விடுதிக்குக் கீழ துணி காயப்போடுற அறை ஒண்ணு. அங்க போயி வாய்விட்டுத் தமிழ்ல ஜெபம் பண்ணுவேன். அந்த ஊருல தமிழ் தெரிஞ்சவரு கடவுள் ஒருத்தர்தாங்க. அவருகிட்டதான் பேசுனேன். அவருகிட்டதான் சண்டை போட்டேன். எலும்பு பேரெல்லாம் அவருகிட்டதான் ஒப்பிச்சேன். ஒருநாளும் அவரு, நீ எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்னு கேக்கலைங்க.”

கடைசி வாங்குகளில் மெல்லிய சிரிப்பு ஓடியது. முன்வாங்குகள் அதை இருமலால் கண்டித்தன.

“கோயிலுக்கும் போனேன். அங்க போதகர் ஒரு பொம்பளைங்க.”

“ஐயோ,” என்றார் பத்மாதேவி, கோயில் என்பதையும் மறந்து.

“இங்க சொல்லிக் குடுத்தபடியே கடைசி வாங்குல உக்காந்தேன். திருவிருந்து நேரம் வந்திச்சு. பக்கத்துல இருந்தவங்க எந்திரிச்சு எனக்கு வழிவிட்டு நின்னாங்க. நான் அசையல. எல்லாரும் முடிக்கட்டும், பெறகு போவோம்னு காத்திருந்தேன். அங்க எங்களுக்குன்னு ஒரு கடைசி முறை கெடையாதுங்க. நான் எந்திரிக்கிறதுக்குள்ள கிண்ணத்த மூடிட்டாங்க. அடுத்த வாட்டியும் அப்படியேதான். அதுக்கும் அடுத்த வாட்டி, அந்தப் போதகரம்மா கிண்ணத்தக் கையில எடுத்துக்கிட்டு, படியெறங்கி, கோயில் முழுக்க நடந்து, என்கிட்ட வந்தாங்க. குனிஞ்சு காதுல கேட்டாங்க: ‘உனக்குக் கால் ஏலாதா மகளே? இத்தன நாளா எங்களுக்குத் தெரியாமப் போச்சே, மன்னிச்சுக்க’ன்னு.”

சோதிலிங்கம் தம் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் என்னத்தச் சொல்ல? கால் நல்லாத்தான் இருக்குங்க, எங்க ஊருக் கோயில்ல எங்க சனம் கடைசியாத்தான் குடிக்கணும்னா? சொல்ல வாய் வரல. எனக்காக இல்ல, உங்களுக்காக வெக்கமா இருந்திச்சு. ஆமான்னு தலையாட்டிட்டேன். உங்க மானத்துக்காக நான் அங்க நொண்டியானேன். அன்னைக்கு அந்தத் துணி அறையில ரொம்ப நேரம் அழுதேன். அடுத்த திருவிருந்துக்கு, என் முறை வந்ததும், எந்திரிச்சு நடந்தேன். கோயிலே திரும்பிப் பாத்திச்சு. அற்புதம் நடந்திருச்சுன்னு நெனச்சாங்க போல. அற்புதந்தாங்க. அதுக்குப் பெறகுதான் வார்டுல வாயத் தொறந்து கேள்வி கேட்டேன். பரீட்சையும் பாஸ் பண்ணேன். தன் முறைக்கு எந்திரிச்சு நடக்கத் தெரிஞ்சவளுக்குப் பாடம் படிக்கிறது பெரிய காரியமில்லைங்க. ஆண்டவர் என்னை அந்நிய தேசத்துல நடத்துனது இப்படித்தான். நெசமாவே நடத்துனாரு.”

அவள் போய்க் கடைசி வாங்கில் தாயின் அருகே அமர்ந்தாள்.

திருவிருந்து தொடங்கிற்று. இவ்வளவு கேட்ட பின்னும் முன்வாங்குகள் முன்னே எழுந்தன என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? சோதிலிங்கம் முதலில் முழந்தாளிட்டார். ஒரு மிடறு கூடவே பருகினார். நடுவாங்குகள் சற்றுத் தயங்கி எழுந்தன; சற்று விரைந்து திரும்பின. கிளார்க்கு மனச்சாட்சியும் ஒரு மனச்சாட்சிதான். மேலதிகாரி பார்க்கையில் அது கையெழுத்துப் போடாது.

இப்போது கடைசி வாங்குகளின் முறை. எவரும் எழவில்லை.

ரெபேக்காள் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவளே தாயின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் எழுந்தால் தானும் எழுந்து, பழையபடி மிச்சம் குடித்துவிட்டு, விமானம் ஏறுவது என்று அவள் மனத்துக்குள் முடிவு செய்திருந்தாள். மண்டபத்துக் கதவுக்கு வெளியே நிற்கப்போகிறவள் தாய். தாயின் பயத்தின்மேல் ஏறி நின்று வீரம்பேச அவளுக்கு மனமில்லை.

பேச்சியம்மா எழவில்லை. கொழுந்துக் கறை படிந்த இரு கைகளையும் முழங்காலின்மேல் வைத்து அமர்ந்திருந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அமர்ந்திருந்தார்கள். பீடத்தின் முன் கிண்ணத்தோடு விமலநாதன் நின்றார்.

சோதிலிங்கம் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். “வாங்கோவன். என்ன பாத்துக்கொண்டிருக்கிறியள்? போதகர் நிக்கிறார்.”

“எங்களுக்குக் கால் ஏலாதுங்கய்யா,” என்றாள் பேச்சியம்மா.

கோயில் முழுவதும் அவளை நோக்கித் திரும்பியது. செங்குத்தான மலையில் கூடை சுமந்து ஏறி இறங்கும் கால்கள் அவை. அன்று காலையும் பஸ் நிற்கும் சந்திக்கு நடந்தே வந்த கால்கள்.

“என்ன பகிடி இது?” என்றார் சோதிலிங்கம்.

“பகிடி இல்லைங்க. எம் மகளுக்கு அங்க வந்திருந்த அதே வியாதி. பரம்பரை போல. கிண்ணத்த இங்க கொண்டாரச் சொல்லுங்க.”

பக்கத்திலிருந்த அழகம்மா, தோட்டத்திலேயே வேகமாகக் கொழுந்தெடுப்பவள், தன் காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “எனக்கு ரெண்டு காலுமேங்க.”

விமலநாதன் கிண்ணத்தைப் பார்த்தார். முன்வாங்கைப் பார்த்தார். முன்வாங்கு முகத்தால் உத்தரவிட்டது: போகாதே. எத்தனையோ ஆண்டு நல்லவராக இருந்து அலுத்துப்போன அந்த மனிதர், அன்று படியிறங்கினார். முன்வாங்கைத் தாண்டினார், நடுவாங்கைத் தாண்டினார், கடைசி வாங்கின் முன் வந்து, கொழுந்துப் பெண்களுக்கு முன்னால் தாம் முழந்தாளிட்டு, பேச்சியம்மாவின் கையில் கிண்ணத்தைக் கொடுத்தார். அவள் பருகினாள். எல்லோரும் பருகி முடிந்ததும் எழுந்து சொன்னார்: “அடுத்த திருவிருந்தை நான் இந்த வாங்கில இருந்துதான் தொடங்குவன்.”

ஆராதனை முடிந்து வாசலில் சோதிலிங்கம் காத்து நின்றார். தோல்வி மனிதனைச் சிந்திக்க வைக்கும் என்பார்கள். அவரையும் வைத்தது, அவர் கிருமியைப் பற்றிச் சிந்தித்தார்.

“பிள்ளை ரெபேக்காள், நீ தாதிமாருக்குப் படிக்கிறனி. நீயே சொல்லு. எல்லாரும் ஒரு கிண்ணத்தில வாய் வைக்கிறது சுகாதாரமோ? காசம் பரவும், சளி பரவும். ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் வாங்கினா நல்லதெல்லோ?”

“இவ்வளவு காலமா நீங்க குடிச்ச கிண்ணத்துல நாங்க பெறகு குடிச்சோமேங்கய்யா. அப்பக் கிருமி இல்லைங்களா?”

“அது... அப்ப உந்த அறிவு இல்லை.”

“கிருமிக்கும் வாங்கு வரிசை தெரியும் போலங்கய்யா. முன்னாலருந்து பின்னால வராது. பின்னாலருந்துதான் முன்னால போகும்.”

நடுவாங்குக் கிளார்க்கு ஒருவர் தம்மை மறந்து சிரித்துவிட்டுக் குடையால் வாயை மூடிக்கொண்டார். சோதிலிங்கத்தின் முகம் கறுத்தது. அவர் மகளை விட்டுத் தாயிடம் திரும்பினார். இடுப்புச் சங்கிலியில் கைவைத்தார்.

“பேச்சியம்மா, மண்டபத் திறப்பு என்னட்டத்தான் கிடக்கு. ஞாபகம் இருக்கட்டும். காலம் சரியில்லை.”

தாய் பஸ்ஸில் பயந்ததும், மகள் வாங்கில் தயங்கியதும் இந்த ஒரு சொல்லுக்காகத்தான். அது வந்தேவிட்டது. வந்த பின் அது அவ்வளவு பெரிதாக இருக்கவில்லை.

“ஞாபகம் இருக்குதுங்க,” என்றாள் பேச்சியம்மா. “அன்னைக்கிக் கதவ இடிச்சவன் உங்களையும் தேடித்தானுங்க வந்தான். நீங்க அழுதது என் பக்கத்துல உக்காந்துதான். நான்தானே தண்ணி குடுத்தேன்? அதையும் ஞாபகம் வச்சுக்கங்க.”

விமலநாதன் அங்கி கழற்றாமலே வந்து நின்று கையை நீட்டினார். “ஐயா, திறப்பைத் தாங்கோ.”

சோதிலிங்கம் தரவில்லை. குடையை விரித்துக்கொண்டு, பத்மாதேவியை முன்னே விட்டு, வெயிலில் இறங்கி நடந்தார். அன்று அந்தச் சபையில் உண்மையிலேயே தள்ளாடி நடந்த கால்கள் அவருடையவை மட்டுமே.

அடுத்த கிழமை மண்டபக் கதவில் பிலிமத்தலாவைக் கடையொன்றில் விமலநாதன் வாங்கிய புதுப் பூட்டுத் தொங்கியது. பூட்டோடு இரண்டு திறப்புகள் வந்தன. ஒன்று போதகர் வீட்டில் இருந்தது. மற்றது பேச்சியம்மாவின் முந்தானை முடிச்சில் ஏறி, விக்டோரியா நீர்த்தேக்கத்தைச் சுற்றி, ஹுன்னஸ்கிரியவுக்குப் பஸ்ஸில் போயிற்று. ரெபேக்காள் படிப்பை முடிக்க இங்கிலாந்துக்குப் போனாள். வழியனுப்ப ஆயத்த வகுப்பு எதுவும் நடக்கவில்லை.

சோதிலிங்கம் தமது திறப்பை அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். அது இப்போது எந்தக் கதவையும் திறப்பதில்லை. அவருக்கு அதனால் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.